நாற்பத்தைந்தாம் வகுப்பில் முகிலன்

நான் வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஆபீசிலிருந்து யாராவது போன் செய்கிறீர்கள். "அக்கா, முறுக்கு மாவு இருபத்தொன்பதா முப்பதா?" முப்பது. "அக்கா, மூலிகை ஷாம்பு மூன்றா ஐந்தா?" பொடுகுக்கு மருந்து என்று டப்பாவில் போட்டிருந்தால் ஐந்து, இல்லையென்றால் மூன்று. இதெல்லாம் பட்டியலில் தேடினாலே கிடைக்கும். தேடுவதைவிட என்னைக் கூப்பிடுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. எனக்கும் போன் வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதனால் திட்டாமல் பதில் சொல்கிறேன்.

ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் யாருமே கேட்டதில்லை. அக்கா, நீங்கள் எப்போதாவது தப்பான வகுப்பில் போட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி. மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். போட்டிருக்கிறேன். முப்பது வருடம் வர்த்தக முத்திரை விண்ணப்பம் எழுதியவள், தப்பே செய்யவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவும் கூடாது.

இன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு பெயரைப் பதிவு செய்யும்போது, அது எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்கு என்று சொல்லியாக வேண்டும். உலகத்தில் விற்பது, செய்வது எல்லாவற்றையும் நாற்பத்தைந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொருளுக்கு முப்பத்து நான்கு, சேவைக்குப் பதினொன்று. நாம் எழுதிக் கொடுக்கிற நாலு வரி விவரத்துக்குள்தான் அந்தப் பெயர் வாடிக்கையாளருக்குச் சொந்தம். விண்ணப்பம் உள்ளே போன பிறகு அந்த விவரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியும் புதிதாகிவிடும். நடுவில் வேறு யாராவது நுழைந்திருந்தால் அவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

மூவார் ஊரில் சோபா செய்கிற முதலாளி ஒருவருக்கு, நாற்காலி மேசைக்கான இருபதாம் வகுப்பை மட்டும் போட்டுவிட்டு, கடை வைத்து விற்பதற்கான முப்பத்தைந்தை விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. பஸ் பிடித்துப் போய் அவர் முன்னால் நின்று சொன்னேன். அவர் சீனத்தில் என்னென்னவோ சொன்னார், எனக்குப் புரியாதது நல்லதாகப் போயிற்று. பிறகு அவரே சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். புது விண்ணப்பம் போட்டோம், நடுவில் யாரும் நுழைந்திருக்கவில்லை. அது மறதியால் வந்த தவறு. மன்னிப்புக் கேட்டுச் சரி செய்துகொள்ளலாம். நான் சொல்லவந்தது நன்றாக யோசித்து, நல்ல மனதோடு நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

அவரைச் செல்வராஜு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். கூடவே தினேஷ் என்ற இளைஞனும் வந்திருந்தான்.

"மேடம், ஒரு பேர ரிஜிஸ்டர் பண்ணணும்" என்றார்.

"என்னா பேருண்ணே?"

"முகிலன் உறுமி மேளம்."

உறுமி மேளக் குழுக்களை எங்கள் ஜொகூர் மாநிலத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பதினைந்து இருபது இளைஞர்கள், முதுகில் குழுவின் பெயர் போட்ட ஒரே நிற டிசட்டை, இடுப்பில் உறுமி, கையில் தப்பு. காவடிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு தைப்பூசத்துக்குப் பிறகும் பத்திரிகைக்கு நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். இந்தப் பையன்கள் சாமிக்கு முன்னால் சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், பக்தி இல்லை, ஆட்டம் போடுகிறார்கள் என்று. அந்தக் கடிதங்களைப் படித்து நானும் தலையாட்டியிருக்கிறேன். இந்தக் கதைக்கு அது முக்கியம் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

"முகிலன் யாருண்ணே? சாமி பேரா?"

"என் மகன் மேடம். தவறிட்டான்."

மகனுக்கு இருபத்திரண்டு வயது. பாசிர் கூடாங்கிலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. காலையில் வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது லாரி மோதிவிட்டது. அதை அவர் நாலே வார்த்தையில் சொன்னார். பலமுறை சொல்லிச் சொல்லி அப்படிச் சுருங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

"மேளம் அவனும் கூட்டாளிங்களும் சேந்து ஆரம்பிச்சது. அப்ப வேற பேரு. அவன் போனப்பறம் பையனுங்க விட்டுடறோம்னாங்க. நான் விடல. நானே நடத்துறேன்னு சொல்லிட்டு அவன் பேர வெச்சேன். நாலு வருசம் ஆச்சு. இவன் தினேஷு, அவனோட கூட்டாளி. இப்ப இவன்தான் செக்ரட்டரி."

பெயரை ஏன் இப்போது பதிவு செய்ய நினைக்கிறார் என்று கேட்டேன். லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு குழு சண்டையில் இரண்டாக உடைந்து, இரண்டும் ஒரே பெயரில் அடித்துக்கொண்டிருக்கிறதாம். ஒரு கோயில் திருவிழாவில் இரண்டு குழுவும் நேருக்கு நேர் வந்து, போலீஸ் வந்து பிரித்து விட்டதாம்.

"என் மகன் பேர அந்த மாரி நாலு பேரு இழுக்கக்கூடாது மேடம். எனக்கு அப்பறமும் அது ஒரே எடத்துல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். இப்படித் தெளிவாகக் கேட்கிற வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். நான் உற்சாகமாகப் படிவத்தைத் திறந்தேன்.

"மேளம் அடிக்கிறது நாப்பத்தொண்ணாம் வகுப்புண்ணே. கல்வி, பொழுதுபோக்கு. என்டர்டெயின்மென்ட் சேவைன்னு எழுதுவோம்."

அவர் முகம் மாறிவிட்டது.

"என்டர்டெயின்மென்ட்டா?"

"வகுப்போட பேரு அப்படிண்ணே."

"மேடம், நாங்க காவடிக்கு அடிக்கிறோம். வெரதம் இருந்து அடிக்கிறோம். ஒரு பையன் பீர் குடிச்சிட்டு வந்தான்னு அன்னைக்கே டிசட்டையக் கழட்ட வெச்சி அனுப்பிட்டேன். எங்களப் பாத்து ஆட்டம் போடுறவனுங்கன்னு பேசுறானுங்க. நீங்களும் என் மகன் பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தைய எழுதுவீங்களா?"

"பேருக்குத்தான அங்கிள், போட்டா என்னா?" என்றான் தினேஷ்.

அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த நிமிடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வகுப்பு என்பது சமாச்சாரங்களை அடுக்கி வைக்கிற அலமாரி, அது யாருக்கும் நற்சான்றிதழ் கொடுப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். கோயில் கச்சேரியும் அதே அலமாரியில்தான் இருக்கிறது என்று காட்டியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அதோடு, பத்திரிகைக் கடிதங்களுக்குத் தலையாட்டிய என் மனதுக்கு, விரதமிருந்து அடிக்கிற குழு ஒன்று இருக்கிறது என்று கேட்கவே குளிர்ந்து போயிற்று. கடைசி வகுப்பான நாற்பத்தைந்தில் மதச் சடங்குச் சேவைகள் வருகின்றன. அதைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அதப் போடுங்க மேடம். அதான் அவனுக்குச் சரி" என்றார்.

அப்போது என்னோடு வேலை பார்த்த ஷாலினிக்கு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் போன பிறகு வரைவைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ரெண்டையும் போட்டுடலாம் லா. நாப்பத்தஞ்சும் இருக்கட்டும், நாப்பத்தொண்ணும் இருக்கட்டும்."

"அவரு வேணாங்குறாரு."

"அவரு வேணாங்குறது அந்த வார்த்தையத்தானக்கா. அந்தப் பாதுகாப்ப இல்லயே."

ஆறு மாதத்துப் பெண் எனக்கு வகுப்பெடுப்பதா என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. வாடிக்கையாளர் சொல்வதைச் செய்யக் கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். கோப்பில் 'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்தக் குறிப்பை நீங்களும் எழுதுவீர்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் அது காப்பாற்றுவது நம்மை மட்டும்தான். வாடிக்கையாளருக்கு அதனால் பத்துக் காசுப் பிரயோஜனம் கிடையாது.

தவறைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைத்தது. சில மாதங்களில் பதிவகத்திலிருந்து பரிசோதகரின் கடிதம் வந்தது. நீங்கள் விவரித்திருக்கிற மேளம் அடிக்கும் சேவை நாற்பத்தொன்றில் வரக்கூடியதாகத் தெரிகிறது, வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஏன் நாற்பத்தைந்து என்று விளக்குங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். பதில் சொல்லக் கெடு கொடுத்திருந்தார்கள்.

"அலமாக், நல்லதாப் போச்சுக்கா" என்றாள் ஷாலினி. "அவங்களே மாத்தச் சொல்றாங்க. தேதியும் போவாது. கவர்மென்ட் சொல்லுதுன்னு சொன்னா அங்கிளும் ஒத்துக்குவாரு."

அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் அண்ணனை வரச் சொன்னேன். வேலை இடைவேளையில் யூனிபாரத்தோடு வந்தார். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் எதிர்த்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். கடிதத்தை என் பக்கமே தள்ளிவிட்டு, "மேடம், நீங்களும் கோயிலுக்குப் போறவங்கதான?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அது அவருடைய விண்ணப்பமாக இருக்கவில்லை. என் சமயத்துக்காக நானே வழக்காடுவதாக எனக்கு நினைப்பு. மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினேன். விரதம், மேளத்துக்குப் போடுகிற பூசை, காவடி எடுப்பவருக்கும் மேளத்துக்கும் உள்ள உறவு, எல்லாவற்றையும் விளக்கினேன். பரிசோதகருக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று, சேவை விவரத்தின் கடைசியில் நானாக ஒரு வரியைச் சேர்த்தேன்: மேற்சொன்ன எதுவும் பொழுதுபோக்கு நோக்கத்துக்காக வழங்கப்படுவதில்லை.

தட்டச்சு செய்து முடித்ததும் அந்த வரியை இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

"கடைசி வரி வேணுமாக்கா?" என்று கேட்டாள் ஷாலினி.

"வேணும்" என்றேன்.

பதிவகம் ஏற்றுக்கொண்டது. நாற்பத்தைந்தில் பதிவும் ஆகிவிட்டது. அண்ணன் எல்லோருக்கும் வடை வாங்கிக்கொண்டு வந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டதாகச் சொல்லி, போனில் படமும் காட்டினார். அன்று எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, ஏற்றுக்கொண்ட முத்திரைகளை வெளியிடுகிற அறிவிப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த ஷாலினி என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. திரையில் 'முகிலன்' என்று பெரிய எழுத்தில் ஒரு முத்திரை. நாற்பத்தொன்றாம் வகுப்பு, மேடை நிகழ்ச்சிகள். இருபத்தைந்தாம் வகுப்பு, டிசட்டைகள். விண்ணப்பதாரர் தினேஷ்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. தினேஷ் ஆறு மாதத்துக்கு முன்பே பாதிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு விலகிவிட்டான் என்பது மட்டும் தெரியும். அவன் கல்யாண வீடுகளுக்கும், கம்பெனி டின்னர்களுக்கும், சிங்கப்பூருக்கும் போய் அடிக்கிறான் என்று காதில் விழுந்திருந்தது. குழுவில் இருந்தபோதே அப்படிப் போய்க்கொண்டிருந்தானா என்று கேட்டேன்.

"போவாங்கதான் மேடம். எங்கிட்டச் சொல்ல மாட்டாங்க. நானும் கேட்டுக்கல" என்றார்.

இதிலிருந்த சிக்கலைப் புதியவர்களுக்காக விளக்குகிறேன். கோயிலுக்கு வெளியே அந்தப் பெயரை இத்தனை வருடமாகப் பயன்படுத்தி வந்தது தினேஷ். விளம்பரச் சுவரொட்டி, மேடைப் படம், ஹோட்டல்காரர்கள் கொடுத்த கடிதம் எல்லாம் அவனிடம் இருந்தன. எங்களிடம் கோயில் திருவிழாப் படங்கள் மட்டும்தான் இருந்தன. அவையும் நாற்பத்தைந்தாம் வகுப்புக்காரரின் படங்கள்.

ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதக் கெடு. தெரிவித்தோம். பெயர் அண்ணனுடைய மகனுடையது, குழுவை நடத்தியது அண்ணன், தினேஷ் அவருக்குக் கீழே செக்ரட்டரியாக இருந்தவன், மேளம் என்றால் ஜனங்களுக்கு எல்லாம் ஒரே மேளம்தான், இரண்டு குழுவுக்கும் ஒரே பெயர் இருந்தால் குழம்புவார்கள் என்று எழுதினோம். வாதம் பலமாகத்தான் இருந்தது. ஜெயிக்கலாம் என்று எங்கள் வழக்கறிஞரும் நம்பினார்.

பிறகு எதிர்த் தரப்பின் பதில் வந்தது. எட்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. மேற்சொன்ன எதுவும் பொழுதுபோக்கு நோக்கத்துக்காக வழங்கப்படுவதில்லை. ஆட்சேபிப்பவர் தம் சேவை பொழுதுபோக்கு இல்லை என்று தாமே பதிவகத்தில் சொல்லி, அந்த அடிப்படையிலேயே பதிவும் பெற்றிருக்கிறார், இப்போது பொழுதுபோக்குச் சேவையில் உரிமை கோர அவருக்கு என்ன நியாயம் என்று கேட்டிருந்தார்கள். நான் அன்று எழுதிய மூன்று பக்கப் பதிலையும் முழுதாகப் பின்னால் இணைத்திருந்தார்கள். செக்ரட்டரி என்று தினேஷுக்கு அதன் நகலை அனுப்பியதே நான்தான்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். என் வரியில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மாற்றவில்லை, திரிக்கவும் இல்லை. ஷாலினி அந்தப் பக்கங்களை வாங்கிக் கோப்பில் கோர்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி முயற்சியாக அண்ணனுக்குப் போன் செய்து, கோயிலுக்கு வெளியே நீங்கள் நடத்திய நிகழ்ச்சி எதற்காவது ஆதாரம் இருக்கிறதா, பிறந்தநாள், டின்னர், எதுவானாலும் சரி என்று கேட்டேன். பொழுதுபோக்கு இல்லை என்று எழுதியவளே இதைக் கேட்கிறேன் என்று எனக்குக் கூசியது. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வந்து, கைப்பேசியை என் மேசைமேல் வைத்தார். "இதப் பாருங்க மேடம். என் மகனோட போன்ல இருந்தது. நானும் இன்னும் பாக்கல" என்றார்.

இருவரும் சேர்ந்து பார்த்தோம். மூன்று நிமிட வீடியோ. ஏதோ ஒரு ஹோட்டல் மண்டபத்தில் தொழிற்சாலை டின்னர். மேடையில் பலூன்கள். ஒல்லியாக ஒரு பையன் உறுமியை அடித்துக்கொண்டே மேடையிலிருந்து கீழே குதித்து, மேசை மேசையாகப் போகிறான். ஒரு மலாய் சூப்பர்வைசரின் முன்னால் மண்டியிட்டு அடிக்கிறான், அந்த மனிதர் எழுந்து இடுப்பை ஆட்டுகிறார், மண்டபமே கைதட்டிச் சிரிக்கிறது. பையனும் சிரிக்கிறான். அடிப்பதை ஒரு இடத்தில் நிறுத்தி, காதில் கை வைத்துக் கூட்டத்தைக் கத்தச் சொல்கிறான், கத்தியதும் மறுபடி ஆரம்பிக்கிறான். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். சட்டம் போட்ட படத்துக்கு வெளியே முகிலனை நான் பார்த்தது அன்றுதான்.

வீடியோ முடிந்தது. அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்குங்க மேடம். என்டர்டெயின்மென்ட்னே எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நான்தான் வீடியோவைப் பின்னால் நகர்த்தி, மேடையில் கட்டியிருந்த பேனரைக் காட்ட வேண்டியிருந்தது. அதில் குழுவின் பழைய பெயர் இருந்தது. முகிலன் உயிரோடு இருந்தபோது குழுவுக்கு முகிலன் என்று பெயர் இல்லை. ஆகவே இது அந்தப் பெயரைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் ஆகாது.

"அப்ப இது ஒதவாதா?"

"ஒதவாதுண்ணே."

போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அந்தப் படத்தை அவர் என்றைக்காவது தனக்காகப் பார்த்திருப்பார். நான் அதை ஆதாரம் தேடிப் பார்க்க வைத்துவிட்டேன்.

முடிவு வர நாளாயிற்று. ஆட்சேபம் தள்ளுபடி. பதிவகத்தின் முடிவில் என் வரி இரண்டு இடத்தில் வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் தினேஷைக் கீழே கடையில் டீ வாங்கும்போது பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் அவனுடைய வழக்கறிஞரின் ஆபீசும். நான் பார்க்காத மாதிரிப் போயிருப்பேன், அவனே வந்து நின்றான்.

"அக்கா, அங்கிள் மேல எனக்குக் கோவம் இல்ல. முகிலன் என் கூட்டாளி. பெரிய பெரிய டின்னர்ல அடிக்கணும், சிங்கப்பூர்ல மேட ஏறணும்னு அவன்தான் சொல்லிக்கிட்டே இருப்பான். அவன் போனப்பறம் அங்கிள் விடல. அவன் பேரப் போட்டு நான் ஏத்திட்டேன். நான் திருடலக்கா."

நல்ல பதில் ஒன்று சொல்லி அவனை வெட்கப்பட வைக்க வேண்டும் என்று பார்த்தேன். முகிலனின் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்றேன். கேட்டால் விட்டிருப்பாரா அக்கா என்றான். டீயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அவன்மேல் இன்றுவரை கோபம்தான். ஆனால் வீடியோவில் பார்த்த பையனை நினைத்தால், அவன் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

இங்கே உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். வாடிக்கையாளர் அழுதால் தண்ணீர் கொடுங்கள், டிஷ்யூ கொடுங்கள், கூட உட்காருங்கள். விவரத்தை அன்று எழுதாதீர்கள். மறுநாள் எழுதுங்கள். அவர் தன் வேலையை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதோடு நிறுத்தாமல், அந்த வேலை எங்கே நடக்கிறது, யார் முன்னால் நடக்கிறது என்று கேளுங்கள். பரிசோதகர் கேட்காத வரியை நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள், முக்கியமாக அந்த வரி உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தால். பக்கத்தில் ஆறு மாத அனுபவக்காரி ஏதாவது சொன்னால், வயதைப் பார்க்காமல் சொன்னதைப் பாருங்கள். ஷாலினி இப்போது உங்களுக்கெல்லாம் மேலே இருக்கிறாள். இந்தக் கதையை அவள் உங்களிடம் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டாள். அது என்மேல் அவள் வைத்திருக்கிற மரியாதை.

செல்வராஜு அண்ணனிடம் முடிவைச் சொன்னதும் நான்தான். போனில் சொல்ல மனம் வரவில்லை, வரச் சொன்னேன். வழக்கம்போல ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தார். நீதிமன்றத்துக்குப் போகலாம், செலவும் வருடங்களும் ஆகும், அங்கேயும் அந்த வரி நம் முன்னால் வந்து நிற்கும் என்று சொன்னேன். அந்த வரியை எழுதியது நான், நீங்கள் கேட்கவில்லை, தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது. முடிவு வருகிற வரைக்கும் 'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்ற என் குறிப்புக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"நான்தான மேடம் வேணாம்னேன்" என்றார். என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு, "அப்ப இப்ப அவன் பேரு நமக்கு எதுல இருக்கு?" என்று கேட்டார்.

மீதியிருந்த ஒரே நல்ல செய்தியை எடுத்துச் சொன்னேன். "கோயிலு, திருவிழா, காவடி. இதுல முகிலன்கிற பேரு உங்களுக்கு மட்டும்தாண்ணே. தினேஷ் இல்ல, வேற எவன் வந்தாலும் கை வைக்க முடியாது."

"கோயில்ல மட்டும்."

"ஆமாண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஹெல்மெட்டின் வாரைக் கோர்ப்பதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"அவன் கோயிலுக்கே வரமாட்டான் மேடம்" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"சின்னதுலேருந்தே அப்படித்தான். தைப்பூசத்துக்கு அவங்கம்மா அழுது கூப்புடுவா, போத்திக்கிட்டுத் தூங்குவான். கூட்டம் புடிக்காது, ஊதுவத்திப் பொகை ஒத்துக்காதும்பான். காவடிக்கு அவன் ஒரு தடவகூட அடிச்சதில்ல. டின்னரு, பர்த்டேன்னா மோட்டார எடுத்துக்கிட்டு ஓடுவான். நான்தான் அவன் போனப்பறம் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அங்க இருந்தா நல்லாருப்பான்னு நெனச்சேன்."

என்மேல் குற்றம் சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து, போய்ட்டு வரேன் மேடம் என்று படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கோப்பை மூடி வைப்பதற்கு முன் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் நான் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் என் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. அடையாள அட்டை எண், முகவரி, தொழில், பெயரை எந்த நாளிலிருந்து பயன்படுத்துகிறார், உறுப்பினர் எத்தனை பேர், டிசட்டை என்ன நிறம். முகிலன் எங்கே அடித்தான் என்று நான் கேட்டிருக்கவில்லை.